கடுவன் பூனை சலம் போகாமல் முக்கினால்: பூனைச்சாப்பாடு விக்கிற யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாமார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணம் ரவுணில, திருநெல்வேலியில, கோண்டாவிலில, சுன்னாகத்தில, மானிப்பாயில, சாவகச்சேரியில, நெல்லியடியில எண்டு எங்கயெல்லாம் பூனைச்சாப்பாடு மூட்டையும் பைக்கெற்றும் அடுக்கி வைச்சு கடை நடத்துறியளோ, உங்கள் எல்லாருக்கும்தான் இதை எழுதுறன். கேக்க வந்ததை முதலே கேட்டிடுறன். ஒராள் கடைக்கு வந்து "அண்ணை, எங்கட கடுவன் ரெண்டு நாளா குந்திக் குந்தி முக்குது, ஒண்டும் வருதில்லை, வயித்துக்கு ஏதும் மருந்து இருக்கோ" எண்டு கேட்டால், தயவுசெய்து ஒண்டும் குடுக்காதேங்கோ. போத்தலும் வேண்டாம், பவுடரும் வேண்டாம், குளுசையும் வேண்டாம். "சலம் போகுதோ, உங்கட கண்ணால பாத்தனீங்களோ?" எண்டு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ. "இல்லை" எண்டாலும் "தெரியேல்லை" எண்டாலும் அந்த மணித்தியாலமே மிருக டொக்டரிட்டைக் கொண்டு போகச் சொல்லுங்கோ, நாளைக்குக் காலமை பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ.

ஏன் இதை டொக்டர்மாருக்கு எழுதாமல் எங்களுக்கு எழுதுறாய் எண்டு நீங்கள் நினைக்கலாம். டொக்டர்மாருக்கு இது தெரிஞ்ச விசயம், பிரச்சினை என்னெண்டால் பூனை அவையிட்டைப் போய்ச் சேர முதல் உங்களிட்டைத்தான் வருது. இஞ்ச ஒரு பூனைக்கு ஏதும் எண்டால் எந்த வீட்டில முதல் டொக்டரைத் தேடினம்? அரச கால்நடை வைத்திய அலுவலகம் அலுவலக நேரத்தோட பூட்டிப்போடும், அங்க இருக்கிற டொக்டரும் மாடு கண்டு போட ஏலாமல் நிக்குது, ஆடு விழுந்து போச்சு எண்டு தோட்டந்தோட்டமா ஓடித் திரிவார். உங்கட கடை இரவு எட்டு மணி மட்டும் திறந்திருக்கு. நீங்கள் தெரிஞ்ச முகம், சாப்பாடு வாங்கேக்க ரெண்டு வார்த்தை கதைக்கிற ஆள், கேக்கக் காசும் இல்லை. அதால நீங்கள் கேட்டோ கேக்காமலோ இந்த ஊரில பூனைகளின்ர முதல் டொக்டர் நீங்கள்தான். நீங்கள் சொல்லுற ஒரு சொல்லில அந்தப் பூனைக்கு ஒரு இரவு கிடைக்கும், இல்லாட்டி ஒரு இரவு போகும், எங்கட பூனை கறுவலுக்கு அது போட்டுது.

கறுவலுக்கு நாலு வயசு, ஆறு கிலோ இருப்பான், விதை எடுத்தவன், நல்ல சோம்பேறி, விறாந்தையில கிடந்த கதிரை அவன்ர. மூண்டு வருசத்துக்கு முதல் ஒரு சித்திரை மாசம், வெய்யில் எண்டால் முற்றத்தில கால் வைக்க ஏலாத வெய்யில். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணத்தடிக்குப் பின்னால செவ்வரத்தைக்குக் கீழ மண்ணைக் கிண்டிக் கிண்டிக் குந்திறான், எழும்பிப் போய் இன்னொரு இடத்தில குந்திறான், பிறகு இருந்து பின்பக்கத்தை நக்கிறான். அம்மா பாத்திட்டு "மலச்சிக்கல் போல, வெக்கைக்கு வயிறு இறுகிப்போச்சு" எண்டா, நானும் அப்பிடித்தான் நினைச்சன், பாக்கிற எவரும் அப்பிடித்தான் நினைப்பினம், ஏனெண்டால் வெளிய போக முக்கிறதும் சலத்துக்கு முக்கிறதும் தூரத்தில நிண்டு பாத்தால் ஒரே மாதிரித்தான் தெரியும். ஏழு மணிக்குக் கடைக்குப் போனன். கடைக்கார அண்ணை நல்ல மனிசன், எங்களுக்கு உதவத்தான் பாத்தவர், அவரை நான் இண்டைக்கும் குறை சொல்லேல்லை. வயிறு இளகுறதுக்கு எண்டு ஒரு சின்னப் போத்தல் தந்தார், தண்ணி கனக்கக் குடுங்கோ, காலமை சரிவரும் எண்டார்.

காலமை சரிவரேல்லை. சனிக்கிழமை முழுக்கக் கட்டிலுக்குக் கீழ கிடந்தான், மத்தியானம் சத்தி எடுத்தான், அம்மா பாவம் பாத்து ஒரு இளநீ வெட்டி ஊசி இல்லாத சிறிஞ்சால வாயில விட்டா. ஞாயிற்றுக்கிழமை விடிய காதும் காலும் குளிர்ந்து போச்சு. ஆரோ ஒராளிட்டை நம்பர் வாங்கி, ஓட்டோ பிடிச்சு, டொக்டர் ஒருத்தர் தன்ர வீட்டு விறாந்தையிலயே மேசையைப் போட்டுப் பாத்தார். வயித்தைத் தொட்ட உடனயே அவற்ற முகம் மாறினது. சலப்பை தோடம்பழம் அளவுக்கு வந்து கல்லு மாதிரி இறுகிப்போய் இருக்கு எண்டார், நெஞ்சில குழாயை வைச்சுக் கேட்டிட்டு இதயம் மெத்த மெதுவா அடிக்குது எண்டார். என்னைப் பாத்து ரெண்டு கேள்வி கேட்டார். "கடைசியா எப்ப சலம் போனவன்?" தெரியேல்லை. வளவுக்குள்ள போற பூனை, ஆர் பாத்தது? "என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?" அதுவும் தெரியேல்லை. கடையில நிறுத்து வாங்கிறது, மண்ணிறமும் சிவப்புமா இருக்கும் எண்டு மட்டும் சொன்னன். கதீற்றர், அதுதான் சலம் எடுக்க உள்ளுக்கு விடுற மெல்லிய குழாய், போட்டு முடிய முதல் கறுவல் செத்துப்போனான்.

இதில என்ன நடக்குது எண்டதை எனக்கு விளங்கின அளவில சொல்லுறன், ஏனெண்டால் காரணம் விளங்கினால்தான் நீங்களும் கடைக்கு வாற ஆளுக்கு அடிச்சுச் சொல்லுவியள்.

பெட்டைப் பூனைக்கு சலம் வாற குழாய் கட்டை, அகலம். கடுவனுக்கு அது நீளம், நுனிக்குக் கிட்ட ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுங்கிப்போகும். சலத்தில இருக்கிற உப்புச்சத்து கெட்டிப்பட்டு கண்ணுக்குத் தெரியாத கிரிஸ்டலா மாறும், அது சலப்பையில இருந்து கழண்டு வாற சளி மாதிரிச் சாமானோட சேந்து களி மாதிரி ஒரு அடைப்பா வரும். பெட்டைக்கு எண்டால் அது வெளியில வந்திடும், கடுவனுக்கு அந்த ஒடுக்கத்தில போய் இறுகிப்போடும். சில நேரம் அடைப்புக்கூட இல்லை, சலப்பை வீங்கி எரிஞ்ச வேதனையில குழாய் தானாவே இறுகிப்போறதும் இருக்கு. எப்பிடி அடைச்சாலும் முடிவு ஒண்டுதான். சிறுநீரகம் வடிகட்டினது வெளிய போக வழியில்லாமல் பின்னுக்குத் தள்ளும், ரெண்டு நாளுக்குள்ள உடம்பெல்லாம் கழிவு ஏறும், அதில மோசமானது பொட்டாசியம். பொட்டாசியம் ரத்தத்தில ஏறினால் இதயத்தின்ர அடி குறைஞ்சு குறைஞ்சு வந்து நிண்டுபோடும். ரெண்டு மூண்டு நாளில உயிர் போகும், சிலதுக்கு அதுக்கு முதலே.

அந்த இளநீயை இப்ப யோசிச்சுப் பாருங்கோ. எங்கட ஆக்கள் சலக்கடுப்பு எண்டால் மனிசருக்குக் குடுக்கிற முதல் மருந்து இளநீ, பிறகு நெருஞ்சிமுள்ளு அவிச்ச தண்ணி, வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணி. மனிசருக்கு அது நல்லதா இருக்கட்டும். இளநீயில பொட்டாசியம் நிறைய இருக்கு. சலம் அடைச்ச பூனை ஏற்கனவே பொட்டாசியத்தாலதான் செத்துக்கொண்டிருக்கு, அதுக்கு மேல நாங்கள் இன்னும் கொஞ்சத்தை வாயில ஊத்துறம். அம்மாவுக்கு இதை நான் இண்டைக்கும் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன். கறுவலை அந்தச் சிறிஞ்சு மட்டும் கொண்டது எண்டும் நான் நினைக்கேல்லை, வெள்ளிக்கிழமை இரவுதான் கொண்டது. ஆனா கடையில வந்து கேக்கிற அடுத்த அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ: அடைச்ச பூனைக்கு இளநீ வேண்டாம், எந்தத் தண்ணியையும் பலவந்தமா வாயில ஊத்தவும் வேண்டாம், குடம் நிரம்பி வாய் அடைச்சுக் கிடக்கேக்க மேல மேல ஊத்தி என்ன செய்யிறது.

இன்னொண்டு, பனடோல். பூனை நோகுது எண்டு கத்தினால் அரைக் குளுசை உடைச்சுக் குடுக்கிற வீடுகள் இஞ்ச கனக்க இருக்கு. அதில இருக்கிற பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு, அதை உடைச்சுக் கழிக்கிற சக்தி பூனையின்ர ஈரலுக்கு இல்லை, ஒரு குளுசையே ஒரு பூனையைக் கொல்லும். வயித்தை அமத்திச் சலத்தை எடுக்கப் பாக்கிறதும் வேண்டாம், இறுகின சலப்பை வெடிச்சுப்போகும்.

சரி, இப்ப சாப்பாட்டுக்கு வாறன், இதுதான் உங்கட தொழில், இதிலதான் நீங்கள் கனக்கச் செய்யலாம்.

பூனைக்கு வாற கிரிஸ்டலில ரெண்டு பெரிய இனம் இருக்கு. ஒண்டு ஸ்ட்ரூவைட், மக்னீசியம், அமோனியம், பொஸ்பேற் மூண்டும் சேந்தது, சலம் காரத்தன்மையா இருந்தால் வரும். மற்றது கல்சியம் ஒக்சலேற். ஸ்ட்ரூவைட்டைச் சாப்பாட்டை மாத்தியே கரைக்கலாம், டொக்டர் சொல்லுற அந்த விசேச யூரினறிச் (சல வருத்தத்துக்கான) சாப்பாட்டை மட்டும் குடுத்தால் கல்லாவே இருந்தாலும் கனக்கப் பூனைக்குச் சில கிழமையில கரைஞ்சு போகும். ஒக்சலேற் அப்பிடிக் கரையாது, கல்லா வந்தால் எடுக்கத்தான் வேணும். இதில ஒரு பழைய கதை இருக்கு. 1980களில பூனைக்கு வந்த கல்லில பெரும்பாலானது ஸ்ட்ரூவைட். பைக்கெற்றில போட்டிருக்கிற சாம்பல் (அதுதான் தாதுச்சத்து) அளவுதான் காரணம் எண்டு முதல் சொல்லிச்சினம், பிறகு மக்னீசியம் எண்டிச்சினம், கம்பனிக்காரர் மக்னீசியத்தைக் குறைச்சு, சலம் புளிப்புப் பக்கம் போற மாதிரிச் சாப்பாட்டை மாத்தினவை. ஸ்ட்ரூவைட் குறைஞ்சது, ஆனா ஒக்சலேற் கூடிப்போச்சு. அமெரிக்காவில மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில 1981ல தொடங்கின ஒரு ஆய்வுகூடம் உலகம் முழுக்க இருந்து அனுப்புற மிருகங்களின்ர கல்லைச் சோதிச்சுக் கணக்கு வைக்குது, 1990களின்ர நடுவில பூனைக் கல்லில ஒக்சலேற் முன்னுக்கு வந்ததை அங்கதான் கண்டவை. அதால "இதில மக்னீசியம் குறைவு, இதைக் குடுங்கோ, வராது" எண்டு ஒரு பைக்கெற்றைக் காட்டிச் சொல்லாதேங்கோ, அது அவ்வளவு சின்ன விசயம் இல்லை. யூரினறி எண்டு எழுதின சாப்பாட்டையும் டொக்டர் சொல்லாமல் எல்லாப் பூனைக்கும் குட்டிக்கும் எண்டு விக்காதேங்கோ, எந்தக் கிரிஸ்டல் எண்டு தெரியாமல் குடுக்கிறது சரியில்லை. தேசிக்காய்ப்புளி, வினாகிரி விட்டுக் குடுத்தால் கரையும் எண்டு சொல்லுறதையும் விடுங்கோ.

ரெண்டு இனத்துக்கும் பொதுவா, கிரிஸ்டல் இல்லாமல் வாற சலப்பை வீக்கத்துக்கும் பொதுவா உதவுற ஒரு சாமான் இருக்கெண்டால் அது தண்ணி. சலம் தண்ணியா இருந்தால் கெட்டிப்படாது, உப்பு கரைஞ்சு போய்க்கொண்டிருக்கும்.

இஞ்சதான் உலர் சாப்பாட்டின்ர கதை வருது. பூனையின்ர பூட்டன் பாட்டன் வடக்கு ஆபிரிக்காப் பக்கத்துக் காட்டுப்பூனை, தண்ணி குறைஞ்ச இடத்தில எலியைத் திண்டு சீவிச்சது. எலியில முக்கால்வாசிக்குக் கிட்டத் தண்ணிதான், அதால அந்த இனத்துக்குத் தாகம் எண்டுறதே குறைவு. இப்ப நாங்கள் அதுக்கு 10 வீதம்கூடத் தண்ணி இல்லாத உலர் உருண்டையைப் போடுறம். உலர் சாப்பாடு திண்டுற பூனை கோப்பையில கூடத் தண்ணி குடிக்கும்தான், ஆனா மொத்தமாக் கணக்குப் பாத்தால் டின் அல்லது பவுச் சாப்பாடு திண்டுற பூனையை விடக் குறைவாத்தான் உள்ளுக்குப் போகும், ஏனெண்டால் டின் சாப்பாட்டில 75, 80 வீதம் தண்ணி. நாலு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 200 மில்லிலீற்றர் தண்ணி வேணும், சாப்பாட்டில இருக்கிறதையும் சேத்து. எங்கட சித்திரை வெக்கைக்கு அதுவும் காணாது.

எனக்குத் தெரியும், ஒரு பவுச்சின்ர விலைக்கு ஒரு கிழமைக்குச் சூடை மீன் வாங்கலாம் எண்டு ஆக்கள் சொல்லுவினம். 2022க்குப் பிறகு ஏறின விலை எல்லாருக்கும் தெரியும், நானும் ஒவ்வொரு நாளும் பவுச் குடுக்கிற ஆள் இல்லை. ஆனா நீங்கள் உலர் சாப்பாடு நிறுத்துக் குடுக்கேக்க ஒரு வசனம் சேத்துச் சொல்லலாம்: "கடுவன் எண்டால் தண்ணியில ஊற வைச்சுக் குடுங்கோ". காசில்லாத வழி. இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊற விட்டு, மீன் அவிச்ச தண்ணி ரெண்டு கரண்டி விட்டால் எங்கட இப்பத்தைக் கடுவன் சுண்டு சட்டியை நக்கி முடிச்சிடுவான். மீன் அவிக்கேக்க உப்புப் போடக்கூடாது, வெங்காயம், உள்ளி போடவே கூடாது, அது ரெண்டும் பூனையின்ர ரத்தத்தைப் பழுதாக்கும், அதால நாங்கள் திண்டு மிஞ்சின குழம்புச்சோறு பூனைக்குச் சரிவராது. ஊற வைச்சதை வெக்கைக்கு நாள் முழுக்க வைக்கவும் வேண்டாம், புளிச்சுப்போகும்.

மீனும் சோறும் மட்டும் போட்டு வளக்கிற வீட்டுக்காரர் "நாங்கள் கடைச்சாப்பாடே குடுக்கிறேல்லை, எங்கட பூனைக்கு உந்த வருத்தம் வராது" எண்டு சொல்லுவினம். அதுவும் பிழை. பூனை இறைச்சி மீன் திண்டால் சலம் தானாவே புளிப்புப் பக்கம் நிக்கும், சோறு பருப்பு எண்டு மரக்கறிப் பக்கம் போகப் போக சலம் காரமாகும், ஸ்ட்ரூவைட்டுக்கு அதுதான் வாசல். எங்கட சைவ வீடுகளை நினைச்சுப் பாருங்கோ. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை, நல்லூர் கொடியேறினால் 25 நாளும் மச்சம் இல்லை, கந்தசஷ்டிக்கு 6 நாள், பிறகு புரட்டாதிச் சனி, கௌரி விரதம். அந்த நாளெல்லாம் பூனைக்கும் பால்சோறு, தயிர்ச்சோறு, பருப்புச்சோறு. நான் சைவக்காரன்தான், எங்கட வீட்டு அடுப்படியில அந்த நாளில மீன் ஏறாது, ஏறவும் வேண்டாம். ஆனா பூனை விரதம் பிடிக்க ஏலாது, அதின்ர உடம்பு அப்பிடிப் படைக்கப்படேல்லை. டோரின் எண்ட சத்து இறைச்சி மீனில இருந்துதான் வரவேணும், அது இல்லாட்டிப் பூனையின்ர கண் கெடும் எண்டு 1970களிலயும், இதயம் கெடும் எண்டு 1980களிலயும் கண்டுபிடிச்சு அதுக்குப் பிறகுதான் கம்பனிக்காரர் சாப்பாட்டில கூடச் சேக்கத் தொடங்கினவை. நாய்ச்சாப்பாட்டைப் பூனைக்கும் போடக்கூடாது எண்டுறதும் இதாலதான். கொடியேறுறதுக்கு முதல் கிழமை உங்கட கடைக்கு வாறவைக்கு "வீட்டில மீன் இல்லாத நாளுக்குப் பூனைக்கு டின் எடுத்து வையுங்கோ, வெளி விறாந்தையில வைச்சுக் குடுக்கலாம்" எண்டு சொன்னால் உங்களுக்கும் வியாபாரம், பூனைக்கும் நல்லம். எங்கட வீட்டில இப்ப அப்பிடித்தான், அம்மாவே போய் டின்னை உடைப்பா, கையைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வருவா.

டின் விக்கேக்கயும் லேபிளைப் பாருங்கோ. முழுமையான சாப்பாடு எண்டு எழுதினது ஒண்டு, துணைச்சாப்பாடு எண்டு எழுதினது ஒண்டு. அந்த நக்கிற குழாய்ப் பைக்கெற்றும் சில சூரைமீன் டின்னும் துணைச்சாப்பாடுதான், அது மட்டும் திண்டு பூனை வாழ ஏலாது. மனிசருக்கு விக்கிற டின்மீனில உப்பு, கருவாட்டில அதைவிட உப்பு.

கிணத்துத் தண்ணி எண்டு ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, கேத்திலுக்கு அடியில வெள்ளையாப் படியுது, மனிசருக்குக் கல்லு வருது எண்டு சொல்லுவினம், அப்ப பூனைக்கும் இதால வருமோ? கேத்திலில படியிறது கல்சியம் காபனேற். பூனையின்ர சலக்குழாயை அடைக்கிற ஸ்ட்ரூவைட் வேற சாமான், தண்ணி சாப்பாட்டை விடக் கொஞ்ச மக்னீசியம்தான் கொண்டு வரும். கிணத்துத் தண்ணிக்குப் பயந்து தண்ணிக் கோப்பையைக் குறைக்கிறதுதான் ஆபத்து. தீவுப்பக்கம் மாதிரி உவர்த்தண்ணி எண்டால் வீட்டுக்காரர் குடிக்கிற தண்ணியையே பூனைக்கும் வைக்கட்டும், ருசி பிடிக்காட்டிப் பூனை குடிக்காது. ரெண்டு மூண்டு இடத்தில, வாய் அகண்ட சட்டியில, சாப்பாட்டுக் கோப்பையில இருந்து தள்ளி, தினமும் மாத்தி. சோளகம் அடிக்கிற காலத்தில மண்சட்டியில தண்ணி குளிர்ந்து நிக்கும், சுண்டு அதைத்தான் தேடிப்போவான்.

இனி உங்களிட்டை என்ர பெரிய கோரிக்கை. பெரிய மூட்டையை அவிட்டுக் கால் கிலோ, அரைக் கிலோ எண்டு சொப்பிங் பாக்கில நிறுத்துக் குடுக்கிறியள், அதை நிப்பாட்டச் சொல்லேல்லை, அப்பிடி வாங்கினால்தான் கனபேருக்குக் கட்டும், எனக்கும் அப்பிடித்தான். அந்தப் பாக்கில ஒரு துண்டு ஒட்டுங்கோ: சாப்பாட்டின்ர பேர், பூனைக்கோ நாய்க்கோ, குட்டிக்கோ பெரிசுக்கோ, முடிவுத் திகதி, மூட்டை உடைச்ச திகதி. அவ்வளவுதான். டொக்டர் கறுவலைப் பாத்துக்கொண்டு "என்ன சாப்பாடு" எண்டு கேட்டதுக்கு என்னட்டை பதில் இல்லை எண்டு சொன்னனே, அந்தத் துண்டு இருந்திருந்தால் பதில் இருந்திருக்கும். அவன் பிழைச்சிருப்பானோ எண்டுறது வேற, ஆனா பிழைச்சு வந்திருந்தால் அடுத்த நாள் எதை மாத்திறது எண்டாவது தெரிஞ்சிருக்கும். ஒரு மூட்டை முடிய அடுத்த மூட்டை வேற கம்பனி எண்டால் அதையும் வாயால சொல்லுங்கோ, சாப்பாட்டை ஒரே நாளில மாத்தாமல் ஒரு கிழமை, பத்து நாள் கலந்து கலந்து மாத்த வேணும், சாப்பாடு திடீரெண்டு மாறினால் சில பூனைக்கு அந்தரம் வரும், சலப்பை வீக்கத்துக்கு அந்தரமும் ஒரு காரணம். புதுசா ஒரு பூனை வந்தது, வீடு மாறினது, பக்கத்து வளவில வெடி கொளுத்தினது, இதெல்லாம் காணும்.

சுண்டைப் பற்றியும் சொல்ல வேணும், இல்லாட்டி இது முழுக்கச் சாவுக்கதையாப் போடும். போன வருசம் மாசியில ஒரு நாள் பின்னேரம் அவன் குளியலறைச் சீமெந்தில போய்க் குந்தினான். மண்ணில போற பூனை சீமெந்திலயும், சிங்குக்குள்ளயும், துவாயிலயும் போய்க் குந்தினால் அது முதல் அடையாளம். கிட்டப் போய்ப் பாத்தன், ஒரு துளி, அதில ரத்தம் கலந்த மாதிரி. அரை மணித்தியாலத்துக்குள்ள துவாயால சுத்தி, பழப்பெட்டிக்குள்ள வைச்சு, மோட்டச்சைக்கிளில தம்பி பின்னுக்குப் பிடிச்சுக்கொண்டிருக்க டொக்டரிட்டைப் போயிட்டம். மயக்கிக் கதீற்றர் போட்டு, கழுவி, ரெண்டு நாள் சேலைன் ஏறினது. சலத்தை எடுத்த கையோட டொக்டர் மைக்கிறொஸ்கோப்பில பாத்தார், வைச்சுப் பாத்தால், முக்கியமாப் பிரிட்ஜில வைச்சால், பூனையின்ர உடம்பில இல்லாத கிரிஸ்டலும் பிறகு உருவாகும், அதால உடன பாக்க வேணும் எண்டார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்ட்ரூவைட், சவப்பெட்டி மூடி மாதிரி இருக்கும் எண்டு புத்தகத்தில போட்டிருக்காம், அச்சா அப்பிடியே இருந்தது. கண்ணாடி மாதிரி பளபளவெண்டு. நான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க கறுவலைத்தான் நினைச்சன்.

கிரிஸ்டல் இருக்கிற பூனை எல்லாத்துக்கும் அடைக்கும் எண்டில்லை, அடைச்ச எல்லாத்துக்கும் கிரிஸ்டல் காரணம் எண்டும் இல்லை. ஒருக்கா அடைச்சது திரும்பவும் அடைக்கலாம், முதல் சில கிழமை வலு கவனம். திரும்பத் திரும்ப அடைச்சால் அந்த ஒடுங்கின நுனியை வெட்டி வழியை அகலமாக்குற ஒப்பிறேசன் ஒண்டு இருக்கு. எங்கட நாட்டில மிருக வைத்தியம் படிப்பிக்கிற ஒரே பீடம் பேராதனையில, இஞ்ச இருந்து ஏ9 வீதியால 300 கிலோமீற்றருக்கு மேல. அடைச்ச பூனையோட அவ்வளவு தூரம் போக நேரம் காணாது, அதால இஞ்சயே, முதல் மணித்தியாலத்திலயே பிடிக்க வேணும்.

விதை எடுத்ததால வருது எண்டு கடையில கதைக்கிறதையும் கேட்டிருக்கிறன். விதை எடுத்த, கொழுத்த, வீட்டுக்குள்ளயே கிடக்கிற, உலர் சாப்பாடு திண்டுற கடுவனுக்குத்தான் கூட வருது எண்டுறது உண்மைதான். அதுக்காக விதை எடுக்காமல் விட்டு, சண்டை பிடிச்சுக் காயம் பட்டு, றோட்டில அடிபட்டுச் சாகவிட ஏலுமோ? எடுத்த பிறகு சாப்பாட்டைக் குறைச்சு, தண்ணியைக் கூட்டி, விளையாட விடச் சொல்லுங்கோ.

வாற சனிக்கிழமை பின்னேரம் நான் சைக்கிளில வருவன். 30 மட்டை எழுதி வைச்சிருக்கிறன், பேனையால எழுதினதுதான், ஆனா தூர நிண்டாலும் வாசிக்கலாம். இதுதான் எழுதியிருக்கு:

"கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கினால், சலம் வருகுதோ எண்டு பாருங்கோ. வரேல்லை எண்டால், துளித்துளியா ரத்தத்தோட வருது எண்டால், அது மலச்சிக்கல் இல்லை. இளநீ, பனடோல், வயித்து மருந்து குடுக்காதேங்கோ. வயித்தை அமத்தாதேங்கோ. இப்பவே டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ."

கீழ கொஞ்ச இடம் வெறுமையா விட்டிருக்கிறன், உங்கட பக்கத்தில இரவிலயும் போன் எடுக்கிற டொக்டர் ஆரெண்டு உங்களுக்குத்தான் தெரியும், அவரிட்டைக் கேட்டு நம்பரை நீங்களே எழுதுங்கோ. காசு எடுக்கிற மேசைக்குப் பின்னால, பூனைச்சாப்பாட்டுத் தட்டுக்குக் கிட்ட, ஆக்களின்ர கண் படுற உயரத்தில ஒட்ட ஒரு இடம் தந்தால் காணும், பசை நான் கொண்டு வாறன்.

இப்படிக்கு,
கறுவலையும் சுண்டையும் வளத்த கோண்டாவில் ஆள்